முதலாண்டு மாணவருக்கு ஒப்பந்தச் சட்டம்: வழக்கு எந்தச் சொல்லில் நிற்கிறது?

சட்டக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒப்பந்தச் சட்டம் இரண்டு பக்கமிருந்தும் மிரட்டும். ஒரு பக்கம் பிரிவு எண்கள், இன்னொரு பக்கம் கார்லில், மொஹோரி பீபி, லால்மன் சுக்லா, ஹாட்லி என்று வழக்குப் பெயர்கள். பெரும்பாலான மாணவர்கள் இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதித் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் "ஏ என்பவர் பி-க்குத் தன் வீட்டை விற்பதாகக் கடிதம் எழுதினார்" என்று ஒரு கேள்வி வந்ததும் எந்தப் பிரிவு, எந்த வழக்கு என்று கை நின்றுவிடுகிறது.

இதைவிட எளிய வழி இருக்கிறது. முதலாண்டில் படிக்கும் முக்கிய வழக்குகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பிரிவில் உள்ள இரண்டு மூன்று சொற்களைப் பற்றிய சண்டைதான். அந்தச் சொற்கள் எவை என்று கண்டுபிடித்துவிட்டால் பிரிவும் வழக்கும் சேர்ந்தே நினைவில் இருக்கும்.

பேர் ஆக்ட்டிலிருந்து தொடங்குங்கள்

கைடு வாங்குவதற்கு முன் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பேர் ஆக்ட், அதாவது சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைவு, பக்கமும் குறைவு. புரட்டிப் பார்த்தால் 75-ஆம் பிரிவுக்குப் பிறகு சட்டென்று 124 வரும். அச்சுப் பிழை இல்லை. 266 பிரிவுகளோடு 1872 செப்டம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டம் இது. சரக்கு விற்பனை பற்றிய 76 முதல் 123 வரையிலான பிரிவுகளை 1930-இல் தனிச் சட்டமாக்கினார்கள். கூட்டாண்மை பற்றிய கடைசிப் பிரிவுகள் 1932-இல் தனியாகப் போயின. முதலில் நீங்கள் படிக்க வேண்டியது 1 முதல் 75 வரை, அவ்வளவுதான்.

படிக்கும்போது பிரிவுக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளைத் தாண்டிப் போகாதீர்கள். அவை சட்டத்தின் பகுதி. 1,000 ரூபாய் மதிப்புள்ள குதிரையை 10 ரூபாய்க்கு விற்க ஒருவர் மனமுவந்து ஒத்துக்கொண்டால் அது ஒப்பந்தம்தான் என்று 25-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு சொல்கிறது. மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது, போதுமானதாக இருக்க வேண்டியதில்லை என்ற கோட்பாட்டை விளக்க எத்தனையோ பக்கம் எழுதுவார்கள். இந்தக் குதிரை ஒன்று போதும்.

ஒரு பென்சில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவையும் துண்டு துண்டாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். வழக்கு படிக்கும் நாளில் அதன் பெயரை, அது எந்தத் துண்டைப் பற்றியதோ அதன் ஓரத்தில் எழுதுங்கள்.

பிரிவு 2: ஒரு சங்கிலி

பிரிவு 2-இல் உள்ள வரையறைகளைத் தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது. ஒன்றைப் பிடித்து ஒன்றாக வருபவை அவை. ஒருவர் முன்மொழிகிறார். யாரிடம் சொன்னாரோ அவர் சம்மதம் தெரிவித்தால் அது வாக்குறுதி ஆகிறது. வாக்குறுதியோடு மறுபயன், அதாவது கன்சிடரேஷன் சேர்ந்தால் உடன்பாடு. சட்டத்தால் நிறைவேற்ற வைக்கக்கூடிய உடன்பாடு ஒப்பந்தம். எந்த உடன்பாடு அப்படி ஆகும் என்பதற்குப் பதில் பிரிவு 10: தகுதியுள்ள நபர்கள், சுதந்திரமான சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட மறுபயனும் நோக்கமும், செல்லாது என்று சட்டம் அறிவித்த வகையில் சேராமல் இருப்பது. 11 முதல் 30 வரை வருவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பிரிவு 10-இல் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. எழுத்து, சாட்சி, பதிவு தேவை என்று வேறு சட்டம் சொன்னால் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். மற்றபடி வாய்வார்த்தையும் ஒப்பந்தமே. நிரூபிப்பது கஷ்டம் என்பது வேறு விஷயம், அது சாட்சியச் சட்டத்தின் கவலை.

முன்மொழிவும் ஏற்பும்

இந்தப் பகுதிக்கு வகுப்பில் அதிக நேரம் போகும். கார்லில் வழக்கில் பாதி நேரம் போய்விடும். 1890-களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு மருந்து நிறுவனம், மூக்கில் இழுக்கும் தன் புகை உருண்டையைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருப்பதாகவும் சொன்னது. திருமதி கார்லிலுக்குக் காய்ச்சல் வந்தது, பணமும் கிடைத்தது. ஊருக்கே சொன்ன முன்மொழிவை, சொன்ன செயலைச் செய்வதன் மூலமே ஏற்கலாம் என்பது தீர்ப்பு. நம் சட்டத்தில் இதன் இடம் பிரிவு 8. அந்த எண்ணைச் சேர்த்து எழுதாத விடை இங்கிலாந்து மாணவரின் விடை.

என் கணக்கில் கார்லிலைவிட நமக்கு அதிகம் கற்றுத் தருவது 1913-இல் அலகாபாத்தில் தீர்ப்பான லால்மன் சுக்லா வழக்கு. முதலாளி கௌரி தத்தின் தங்கை அல்லது தம்பி வழிப் பையன் ஒருவன் காணாமல் போகிறான். அவரிடம் வேலை பார்த்த லால்மன் தேடப் போகிறார். அவர் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். பரிசு பற்றித் தெரியாமலேயே லால்மன் பையனைக் கண்டுபிடித்துவிடுகிறார். பின்னால் பரிசு கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். கேட்க அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிவு 2(பி)-ஐப் பாருங்கள்: முன்மொழிவுக்குச் "சம்மதம் தெரிவிக்கும்போது" என்கிறது. காதுக்கே வராத ஒன்றுக்கு எப்படிச் சம்மதம் தெரிவிப்பது? வழக்கு நிற்கும் இடம் அந்தச் சொற்கள்.

விலையைச் சொல்வது வேறு, விற்கிறேன் என்று சொல்வது வேறு. கடை அலமாரியில் விலைச்சீட்டோடு இருக்கும் பொருள் முன்மொழிவு ஆகாது. அதை எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வரும் வாடிக்கையாளர்தான் முன்மொழிகிறார். பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனத்தின் 1953-ஆம் ஆண்டு வழக்கு இதற்கு. ஜமைக்காவில் ஓர் இடத்துக்குக் குறைந்தபட்ச விலை என்ன என்று தந்தியில் கேட்டதற்கு "900 பவுண்டு" என்று மட்டும் பதில் வந்த ஹார்வி எதிர் ஃபேசி வழக்கும் இதே வகை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1893-இல் அதை வெறும் தகவல் என்றது.

பிரிவு 4-இல் பலர் தடுமாறுகிறார்கள். தபாலில் போட்ட ஏற்பு இரண்டு ஆட்களை இரண்டு வெவ்வேறு நேரத்தில் கட்டுப்படுத்துகிறது. கடிதம் ஏற்பவரின் கையை மீறிப் போன நொடியில், அதாவது பெட்டியில் விழுந்ததும், முன்மொழிந்தவர் கட்டுப்பட்டுவிட்டார். ஏற்றவரோ அந்தக் கடிதம் முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போதுதான் கட்டுப்படுகிறார். ஆகவே கடிதம் வழியில் இருக்கும்போது ஏற்றவர் அதற்கு முன் சேரும்படி வேறு செய்தி அனுப்பிப் பின்வாங்கலாம், முன்மொழிந்தவர் பின்வாங்க முடியாது. இங்கிலாந்துச் சட்டத்தில் இந்த இரட்டை நேரம் இல்லை. அங்கத்திய புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தால் குழப்பம் நிச்சயம். ஒரு தாளில் கோடு இழுத்து மூன்று தேதிகளைக் குறியுங்கள்: போட்ட நாள், சேர்ந்த நாள், பின்வாங்கிய நாள். விடை தானாக வரும்.

தொலைபேசிக்கு இது பொருந்தாது. பகவன்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா வழக்கில் 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஏற்பைக் காதில் கேட்ட இடத்தில்தான் ஒப்பந்தம் உருவாகிறது என்றது. நீதிபதி ஹிதாயத்துல்லா மட்டும் உடன்படவில்லை. பிரிவு 4-இன் சொற்களை அப்படியே படித்தால் பேசிய இடம்தான் கணக்கு என்றார். மாறுபட்ட தீர்ப்புகளையும் படியுங்கள். சட்டச் சொற்களை எப்படிப் பிடித்துக்கொண்டு வாதாடுவது என்று அவற்றில்தான் தெரியும்.

மறுபயன்: இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்

பிரிவு 2(டி)-யைத் துண்டு போட்டால் இப்படி வரும்: வாக்குறுதி தருபவரின் விருப்பத்தின் பேரில் / வாக்குறுதி பெறுபவரோ வேறு எவருமோ / ஒன்றைச் செய்திருந்தால், செய்தால், செய்வதாக உறுதி சொன்னால், அல்லது செய்யாமல் விலகியிருந்தால். துண்டுக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

முதல் துண்டு "விருப்பத்தின் பேரில்". துர்கா பிரசாத் எதிர் பல்தேவ், 1880, அலகாபாத். கலெக்டர் சொன்னதற்காக ஒருவர் சந்தை கட்டினார். அதில் கடை வைத்தவர்கள் விற்பனையில் கமிஷன் தருவதாகச் சொன்னார்கள், பிறகு தரவில்லை. வழக்கு தோற்றது. சந்தை கட்டச் சொன்னது கலெக்டர், கடைக்காரர்கள் இல்லை. இதற்கு அடுத்தே படிக்க வேண்டியது 1886-ஆம் ஆண்டின் கேதார்நாத் வழக்கு. ஹவுராவில் டவுன் ஹால் கட்ட ஒருவர் 100 ரூபாய் நன்கொடை தருவதாகக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சந்தா உறுதிகளை நம்பிக் கட்டடக்காரரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். இங்கே நன்கொடையாளர் பணம் கட்ட வேண்டியதாயிற்று. நன்கொடை உறுதிக்குப் பொதுவாக மறுபயன் கிடையாது. இங்கே வேலை அவர் விருப்பத்தின் பேரில் நடந்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

இரண்டாம் துண்டு "வேறு எவருமோ". இதற்குரிய வழக்கு நம் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் சின்னயா எதிர் ராமய்யா, தீர்ப்புத் தொகுப்பின் மெட்ராஸ் தொடரில் 4-ஆம் தொகுதியில் உள்ளது. ஒரு மூதாட்டி தன் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதி வைக்கிறார். தன் உடன்பிறந்தவருக்கு வருடா வருடம் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனை. மகளும் அப்படியே கொடுப்பதாகத் தனியாக எழுதிக் கொடுக்கிறார், பிறகு கொடுக்க மறுக்கிறார். பணம் கேட்டு வழக்குப் போட்டவர் மகளுக்கு ஒன்றும் தரவில்லையே என்பது வாதம். நிலம் தந்தது மூதாட்டி, அவர் "வேறு எவரும்" என்ற சொல்லுக்குள் வருகிறார், போதும் என்றது நீதிமன்றம். இங்கிலாந்தில் இதே வழக்கு தோற்றிருக்கும். மறுபயன், வாக்குறுதி பெறுபவரிடமிருந்தே வர வேண்டும் என்பது அங்கத்திய விதி.

மூன்றாம் துண்டில் "செய்திருந்தால்" என்ற கடந்த காலத்தைக் கவனியுங்கள். வாக்குறுதி தருபவர் கேட்டுக்கொண்டு முன்பே செய்த வேலையும் நம் சட்டத்தில் மறுபயன் ஆகும். மறுபயன் இல்லாமலே செல்லும் விதிவிலக்குகள் பிரிவு 25-இல் உள்ளன. நெருங்கிய உறவினரிடையே அன்பினால் எழுதிப் பதிவு செய்தது, காலாவதியான கடனைக் கட்டுவதாக எழுதிக் கையெழுத்திட்டது, தானாக முன்வந்து செய்த உதவிக்கு ஈடு தருவதாகச் சொன்னது.

குடும்பத்துக்குள் பேசியது ஒப்பந்தமா என்ற கேள்விக்கு 1919-ஆம் ஆண்டின் பால்ஃபர் வழக்கைச் சொல்வார்கள். இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்த கணவர், உடல்நிலை காரணமாக இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்ன கதை அது. சட்ட உறவு ஏற்படுத்தும் எண்ணம் இல்லை என்று மனைவி தோற்றார். நம் சட்டத்தில் இந்த எண்ணத்தைப் பற்றித் தனிப் பிரிவு கிடையாது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். திருத்துபவர் கவனிப்பார்.

மைனர்

1903-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த மொஹோரி பீபி வழக்கைத் தவிர்த்துவிட்டு முதலாண்டைக் கடக்க முடியாது. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் தன் வீட்டை பிரம்ம தத்தா என்ற லேவாதேவிக்காரரிடம் 20,000 ரூபாய்க்கு அடமானம் வைத்தார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் அட்டர்னிக்கு, அதாவது வழக்கறிஞருக்குத் தெரியும். மைனரின் ஒப்பந்தம் ரத்து செய்யத்தக்கதா, ஆரம்பத்திலிருந்தே செல்லாததா என்று பிரிவு 11 நேராகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பிய தீர்ப்பு இது: ஆரம்பம் முதலே செல்லாது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க 64, 65-ஆம் பிரிவுகளைக் காட்டியும் பயனில்லை, அவை தகுதியுள்ளவர்கள் செய்த ஒப்பந்தத்துக்கே என்று சொல்லிவிட்டார்கள். மைனருக்குச் சாப்பாடு, படிப்பு போன்ற அத்தியாவசியம் கொடுத்தவர் பிரிவு 68-இன்படி மைனரின் சொத்திலிருந்து பெறலாம். மைனரை நேரடியாகக் கட்டுப்படுத்த முடியாது.

சம்மதம்

பிரிவு 13, இருவரும் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வது. பிரிவு 14, அந்தச் சம்மதம் சுதந்திரமானதா என்பது. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான கூற்று, பிழை என்று ஐந்து வகை. இவற்றில் வற்புறுத்தலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிரிவு 15 "இந்தியத் தண்டனைச் சட்டம் தடை செய்த செயலை" செய்வதையோ, செய்வதாக மிரட்டுவதையோ பேசுகிறது. சிக்கம் அம்மிராஜு வழக்கில், தற்கொலை செய்துகொள்வதாகக் கணவர் மிரட்டியதால் மனைவியும் மகனும் சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைய சட்டத்தில் தற்கொலை முயற்சிக்குத் தண்டனை உண்டு, தற்கொலைக்குத் தண்டனை இல்லை. அப்படியிருக்க அது "தடை செய்த செயல்" ஆகுமா? தண்டிக்க முடியாவிட்டாலும் தடை தடைதான் என்றனர் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள். நீதிபதி ஓல்டுஃபீல்டு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் தற்கொலை முயற்சி பொதுவான குற்றமாக இல்லை. அரசு ஊழியரை ஒரு காரியத்துக்கு நிர்ப்பந்திக்கச் செய்தால் மட்டும் குற்றம். அப்படியானால் அம்மிராஜு தீர்ப்பின் கால் எதில் ஊன்றியிருக்கிறது? மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

செல்லாதது, ரத்து செய்யத்தக்கது, சட்டவிரோதமானது

இந்த மூன்றையும் மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும். செல்லாதது யாருக்காகவும் நிறைவேறாது. ரத்து செய்யத்தக்கது, சம்மதம் கெட்டுப்போன தரப்பு வேண்டாம் என்று சொல்லும்வரை செல்லும். முடிவு அவர் கையில். இருவருமே உண்மை விவரத்தில் பிழைபட்டிருந்தால் பிரிவு 20-இன்படி செல்லாது, ஒருவர் மட்டும் பிழைபட்டிருந்தால் அதனால் மட்டும் ரத்து செய்ய முடியாது. பந்தயம் செல்லாது, ஆனால் அதுவே சட்டவிரோதம் ஆகிவிடாது. ஆகவே பந்தயத்தைச் சார்ந்து செய்த வேறு ஒப்பந்தம் தப்பிக்கலாம். 1959-ஆம் ஆண்டின் கெருலால் பாரக் வழக்கு இதற்கு.

மீறலும் முடியாமல் போவதும்

பிரிவு 56-இல் சொல் "முடியாததாக". 1954-ஆம் ஆண்டின் சத்யவிரத கோஷ் வழக்கில், கல்கத்தா அருகே மனை விற்கும் திட்ட நிலத்தைப் போர்க்காலத்தில் அரசு எடுத்துக்கொண்டது. முடியாதது என்றால் உடல்ரீதியாக முடியாதது மட்டும் இல்லை, ஒப்பந்தத்தின் நோக்கமே அடிபட்டாலும் பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும் அந்த வழக்கில் ஒப்பந்தம் முறியவில்லை என்றுதான் தீர்த்தது, எடுப்பு தற்காலிகம் என்பதால். பலர் முதல் பாதியை எழுதி இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். கல்யாண மண்டபம் பேசி முடித்த பிறகு அரசு கூட்டங்களுக்குத் தடை போட்டால் கேள்வி இதுவே. அட்வான்ஸைத் திரும்பக் கேட்க பிரிவு 65-ஐப் பார்க்க வேண்டும்.

மீறலுக்கு இழப்பீடு பிரிவு 73. குளொஸ்டர் ஊர் மாவு ஆலையின் உடைந்த தண்டைக் கொண்டுபோவதில் தாமதமான ஹாட்லி வழக்கு, 1854, அதன் தாய். இயல்பாக விளையும் இழப்பும், ஒப்பந்தம் போடும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த இழப்பும் கிடைக்கும். தொலைதூர இழப்பு கிடைக்காது. ஒப்பந்தத்திலேயே தொகை எழுதியிருந்தால் பிரிவு 74. எழுதிய தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமானது கிடைக்கும்.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம்

கவிதா தன் ஸ்கூட்டரை 40,000 ரூபாய்க்குத் தருவதாகவும் ஞாயிறு வரை காத்திருப்பதாகவும் திவ்யாவுக்கு வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். "38,000-க்குக் கிடைக்குமா அக்கா?" என்று திவ்யா கேட்கிறார். பதில் இல்லை. சனிக்கிழமை காலை "சரி, 40,000-க்கே எடுத்துக்கிறேன்" என்கிறார். அதற்குள் கவிதா வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். திவ்யாவுக்குச் சொல்லவில்லை.

முதலில் முன்மொழிவா? விலையும் விற்கும் விருப்பமும் இருக்கின்றன, ஆம். அடுத்து, 38,000 பற்றிய செய்தி எதிர் முன்மொழிவா, விசாரணையா? 1840-ஆம் ஆண்டின் ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கில் 1,000 பவுண்டு பண்ணைக்கு 950 தருவதாகச் சொன்னதும் முதல் முன்மொழிவு செத்தது. 1880-ஆம் ஆண்டின் ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கில், தவணையில் தர முடியுமா என்று கேட்டது வெறும் விசாரணை என்றார்கள். "கிடைக்குமா?" என்ற கேள்விக்குறியைக் காட்டி இரண்டாவது பக்கம் வாதாடலாம், ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தையும் எழுதுங்கள். மூன்றாவது, ஞாயிறு வரை காத்திருப்பதாகச் சொன்னது கவிதாவைக் கட்டுமா? அதற்கு மறுபயன் இல்லை, பிரிவு 5-இன்படி ஏற்புக்கு முன் பின்வாங்கலாம். நான்காவது, பின்வாங்கினாரா? வேறு ஒருவருக்கு விற்றால் மட்டும் போதாது. பிரிவு 6-இன்படி பின்வாங்கும் அறிவிப்பு திவ்யாவுக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஆகவே விசாரணை என்று எடுத்துக்கொண்டால் சனிக்கிழமை காலை ஒப்பந்தம் உருவாகிவிட்டது, கவிதா பிரிவு 73-இன்படி இழப்பீடு தர வேண்டும்.

இதே கேள்வியில் திவ்யாவுக்கு வயது 17 என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் கடைசி வரியில். விடை எழுதத் தொடங்கும் முன் கேள்வியை முழுதாக ஒருமுறை படித்து, வயது, தேதி, உறவு மூன்றையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.